வெள்ளிக்கிழமை ஓடிய படகு

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு என் கை பிடித்தது ஸ்பேனர்தான், பேனை அல்ல. எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம். இதை அச்செழுத்தில் அடித்துத் தருகிறவர் திருத்திவிடுவார் என்று நம்புகிறேன். திருத்தியும் மிஞ்சிய பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது என் மனைவி. வெளிநாட்டிலிருந்து வந்த பிறகு யார் வந்து "அங்க எப்பிடி?" என்று கேட்டாலும் "நல்ல இடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"வாயாலதான் ஒண்டும் வராது. கொப்பியிலயாவது எழுதி வையுங்கோ" என்றாள்.

கொப்பியையும் அவளே வாங்கிவந்தாள். நல்ல இடம் என்று நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்காத இடம்.

மூன்று வருடங்களுக்கு முன் இரத்மலானையில் நான் வேலை செய்த கராஜில் வேலை குறைந்துபோனது. அப்போது கொழும்புத் துறைமுகத்திலிருந்து இந்தோனேசியாவுக்குப் புறப்படவிருந்த ஒரு டக்கில் எஞ்சின் அறைக்கு ஆள் தேவை என்றார்கள். பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கிற சின்ன, பலமான கப்பலைத்தான் டக் என்பது. டீசல் எஞ்சின் தரையில் இருந்தாலும் தண்ணீரில் இருந்தாலும் டீசல் எஞ்சின்தான் என்று நினைத்து ஏறிவிட்டேன். அதுவரை கடல் என்றால் எனக்கு வெள்ளவத்தை ரயில் ஜன்னலில் தெரிகிற கடல் மட்டும்தான்.

சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையை அண்டியபோது எங்கள் கியர்பொக்ஸ் உடைந்தது. நொண்டி நொண்டி ஒரு விரிகுடாவுக்குள் போய் நங்கூரம் போட்டோம். புதிய சாமான் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். பொலிஸ்காரர் ஒருவரும் ஊர்த் தலைவரும் வந்து எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, பகலில் கரைக்கு வந்து போகலாம் என்றார்கள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாற்பது நாட்களுக்கு மேல் அங்கே கிடந்தோம்.

அது ஆச்சே மாகாணத்தில் ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம். பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிழையாக எழுதுவதைவிட எழுதாமல் விடுகிறேன். பின்னால் பச்சை மலை, அதன் தலையில் எப்போதும் ஒரு துண்டு மேகம். மலையிலிருந்து வருகிற ஆறு ஊரைச் சுற்றிவந்து கடலில் விழுகிறது. அந்த ஆற்று வாய்தான் அவர்களின் துறைமுகம். மூக்கு உயர்ந்த மரப் படகுகள், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக, அங்கே வரிசையாக நிற்கும். மாலையில் எருமைகள் கடற்கரையில் வந்து நின்று காற்று வாங்கும். எருமை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

ஊரிலிருந்த தென்னை மரங்கள் எல்லாம் ஒரே உயரம். வீடுகள் எல்லாம் ஒரே அளவு. ஏன் என்று விளங்காமல் இருந்தேன். சுனாமிப் பெரிய அலை வந்தபோது பள்ளிவாசலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை, நட்டதும் கட்டியதும் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்று எங்கள் சமையல்காரர் சொன்னார். அங்கே எல்லோரும் யாரையாவது இழந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் அதே கடலுக்குக் காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குவதை நான் தினமும் டக்கின் மேல்தட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சமையல்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இல்லாவிட்டால் எனக்கு அங்கே ஒரு சொல்லும் விளங்கியிராது. கொம்பனித்தெரு மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் நான் அவரை நானா என்பேன். அவர் வீட்டில் பேசுகிற மலாயும் அந்த ஊர்க்காரர் பேசுகிற மொழியும் ஒன்றுக்கொன்று மச்சான் முறை. கரைக்குப் போன முதல் நாள் ஒரு கடையில் அவர் வாய் திறந்ததும் அங்கே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏன் சிரிக்கிறாங்க நானா?"

"நான் அவங்கட மூத்த வாப்பா காலத்து ஆள் மாதிரிக் கதைக்கிறனாம். எனக்கு வயசு எரநூறு ஈக்குமாண்டு கேக்குறாங்க."

அந்தக் கடை கோப்பிக்கடை. கோப்பியைத் துணிப் பையில் ஊற்றி, கைக்கு எட்டும் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி வடிப்பார்கள். மீன்பிடித்து வந்த ஆட்கள் சாரத்தோடு வந்து உட்கார்ந்து, ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்பார்கள். சிலர் கதைப்பார்கள். சிலர் ஒரு சொல்லும் கதைக்காமல் எழுந்து போவார்கள். கதைக்காதவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் வாழ்நாளில் நான் கூச்சப்படாமல் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

அந்தக் கடையில்தான் படகுக்காரரைச் சந்தித்தேன். வயது என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நானா அவரைப் 'பாங்' என்று கூப்பிட்டார். அண்ணன் என்பது போல ஒரு முறை. நானும் அப்படியே கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய படகு ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினில் ஓடுவது. ஆற்று வாய்க்குள் வரும்போது இருமிக்கொண்டு கறுப்புப் புகை கக்குவதை ஏற்கெனவே டக்கிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்துபோய்விட்டது என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"தம்பி, இவருட எஞ்சினப் பாக்கேலுமாண்டு கேக்குறாரு" என்றார் நானா.

"பாக்கலாம் நானா."

"ஒரே சொல்லுதானா? அவர் இவ்வளவு கதைச்சாரு. நான் என்னண்டு மொழிபெயர்க்க?"

பிறகு அவர் என் சார்பில் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றைக்கும் தெரியாது. பாங் என்னை மிகவும் மரியாதையாகப் பார்த்தார்.

எஞ்சினைக் கழற்றி அவர் வீட்டுக்குப் பக்கத்தில், ஓலைக் கூரைக்குக் கீழே வைத்து வேலை செய்தேன். ரிங் பக்கத்து நகரத்திலிருந்து வர ஒரு கிழமை பிடித்தது. அதற்குள் பாங்கின் மனைவி எனக்கு மூன்று நேரமும் சாப்பாடு போட்டார். அந்தப் பகுதிப் பெண்கள் சூரை மீனை அவித்து, பிளந்து, வெயிலில் விறகுக் கட்டை போல ஆகும்வரை காயவைக்கிறார்கள். அதைச் சீவிக் கறி வைக்கிறார்கள். வாயில் வைத்ததும் எங்கள் மாசிச் சம்பலின் ருசி. மாலைதீவிலிருந்துதான் மாசி வரும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். அக்கா என்று நானும் கூப்பிட்ட அந்தப் பெண், நான் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் போடுவார்.

அந்தச் சூரைதான் பாங்குக்கு முக்கியம். வருடத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் அது கரையோரமாகக் கூட்டமாக வருமாம். அந்த நாட்களில் பிடிப்பதைக் காயவைத்துத்தான் மழைக்காலத்தைக் கடக்கவேண்டும். நான் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தபோதே முதல் கூட்டம் வந்துவிட்டது. மற்றப் படகுகள் வெள்ளியாக மின்னுகிற மீனோடு வந்தன. பாங் வந்து எஞ்சினைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அவசரப்படுத்த மாட்டார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கரைக்குப் போய் மற்றவர்களின் கூடையைத் தூக்க உதவுவார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை மாலை எஞ்சினைப் படகில் பூட்டி முடித்தேன். சனிக்கிழமை விடியற்காலையில் அவர் கடலுக்குப் போவதாக இருந்தது.

என்னிடம் ஒரு பழக்கம். திருத்திய எஞ்சினைச் சுமையோடு ஓட்டிப் பார்க்காமல் கையளிக்க மாட்டேன். கட்டிவைத்து ஓட்டுவது ஓட்டமல்ல. வாகனமென்றால் காலி வீதியில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவேன். புதிய ரிங்கோடு நடுக்கடலில் எஞ்சின் நின்றால் பாங்கின் கதி என்ன என்ற யோசனையில் வெள்ளிக்கிழமை காலை முழுக்க இருந்தேன்.

வெள்ளிக்கிழமை இங்கே கடலுக்குப் போவதில்லை என்று நானா முன்னமே சொல்லியிருந்தார். எனக்கா தெரியாது? கொட்டாஞ்சேனையில் பிறந்து, தெமட்டகொடையிலும் மருதானையிலும் வேலை செய்தவன். ஜும்மா நேரம் கடைக் கதவு சாத்தியிருக்கும், தொழுகை முடிந்து ஆட்கள் வந்ததும் திறக்கும். அதே கணக்குத்தான் இங்கும் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதையாகக் காத்திருந்தேன். தொழுகை முடிந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஊர் அடங்கும்வரை காத்திருந்தேன். பாங் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அவரை எழுப்பவில்லை. படகை அவிழ்த்து, எஞ்சினை முடுக்கி, ஆற்று வாயைத் தாண்டிக் கடலுக்குள் விட்டேன்.

எஞ்சின் அருமையாக ஓடியது. அலையில் மூக்கு ஏறும்போதும் மூச்சு வாங்கவில்லை. புகை மெல்லிய சாம்பல் நிறம். அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆற்று வாய்க்கு வந்தபோது இரண்டு கரையிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. கையும் அசைக்கவில்லை. சும்மா நின்றார்கள். பாங் முன்னால் நின்று நான் எறிந்த கயிற்றைப் பிடித்துக் கட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானா சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன வேல செஞ்சீங்க தம்பி? வெள்ளிக்கெழம போறல்லண்டு சொன்ன தானே?"

"தொழுக முடிஞ்சு தானே நானா போனேன்."

"யா அல்லாஹ். வியாழன் பொழுதுபட்டு மஃரிபுல இருந்து வெள்ளி மஃரிப் வரைக்கும். முழுநாளும். ஒரு ஓடமும் எறங்கேலா. இது கடல்ட சட்டம்."

கடலுக்கு அங்கே ஒரு தலைவர் இருக்கிறார். பங்லிமா என்பார்கள். ஊர்த் தலைவருக்குத் தரையில் எவ்வளவு அதிகாரமோ, அவ்வளவு அதிகாரம் அவருக்குக் கடலில். வெள்ளிக்கிழமை இறங்கிய படகுக்கு அவர் கொடுக்கிற தண்டனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழு நாள் படகு கரையில் ஏற்றப்படும். ஏழு நாள் என்றால் சூரை போய்விடும். ஒரு கிழமைக்கு மேல் எஞ்சின் இல்லாமல் இருந்த மனிதருக்கு, எஞ்சின் வந்த மறுநாளே படகு இல்லை. அதைச் செய்தது நான்.

அன்று பின்னேரம் அக்கா எனக்குச் சாப்பாடு வைத்தார். ஆனால் சிரிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் போடவும் இல்லை.

சனிக்கிழமை மாலை ஆற்று வாய்க்குப் பக்கத்திலிருந்த திறந்த மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். பங்லிமா மெலிந்த மனிதர். முன்பல் ஒன்று இல்லை. மற்றவர்களைப் போலத் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். முதலில் பாங் எழுந்தார். நானா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஓடம் என்ட ஓடம், பிழையும் என்ட பிழைண்டு சொல்றாரு. உங்கள ஒரு சொல்லும் சொல்லல்ல."

அவ்வளவு சொல்லிவிட்டு பாங் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. என் கலியாணத்தில் வந்தவர்களுக்கு நன்றி சொல்லச் சொன்னபோது எழுந்து நின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்தவன் நான். அன்று எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. நாற்பது ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

"நானா, நான் சொல்றத அப்பிடியே சொல்லுங்க. கூட்டியும் சொல்லாதீங்க, கொறச்சும் சொல்லாதீங்க."

"இப்பதான் வாய் தொறக்குது. சொல்லுங்க."

தமிழில்தான் சொன்னேன். படகை எடுத்தது நான், பாங் நித்திரையில் இருந்தார், அவருக்குத் தெரியாது. எஞ்சினைச் சோதிக்கத்தான் எடுத்தேன், வலையோ தூண்டிலோ இருக்கவில்லை. உங்கள் முறை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், எனக்குத் தெரிந்தது என் ஊர் முறை. தண்டனை எனக்குத் தாருங்கள், படகுக்கு வேண்டாம். என்ன வேலை என்றாலும் செய்கிறேன்.

நானா சொல்லி முடித்தார். பிறகு பின்னால் இருந்த ஒரு வயதான மீனவர் ஏதோ கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"என்ன கேக்குறாரு?"

"அது போகட்டும், எஞ்சின் நல்லா ஓடிச்சாண்டு கேக்குறாரு."

"நல்லா ஓடிச்சு" என்றேன். அதை அவர் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

பங்லிமாவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகப் பேசினார். நானா ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"நீங்க மனசு வச்சுச் செய்யல்ல, அது எல்லாருக்கும் வெளங்குதாம். ஆனா சட்டம் ஓடத்துக்கு. ஆளுக்கில்ல. யாரு ஓட்டினாண்டு பாக்கத் தொடங்கினா, நாளைக்கு எல்லாரும் வெள்ளிக்கெழமைல மச்சான்ட கையில ஓடத்தக் குடுத்துட்டு வீட்டுல படுத்துக்குவாங்களாம்."

மறுபடியும் சிரிப்பு. சிலர் பக்கத்தில் இருந்த மச்சான்மாரை இடித்தார்கள். தீர்ப்பு அதுதான். ஏழு நாள். நான் உட்கார்ந்தேன். என் பேச்சால் ஒன்றும் மாறவில்லை. பாங் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போது பங்லிமா இன்னொன்று சொன்னார். இம்முறை நானாவின் குரல் மாறிவிட்டது.

"சட்டம் ஓடத்துக்கு, ஆளுக்கில்லண்டு சொன்ன தானே. இவர் கரையில நிக்கத் தேவல்லயாம். நாளைக்கு யாருட ஓடத்துல எடம் ஈக்குண்டு கேக்குறாரு."

அவர் கேட்டு முடிக்கவில்லை, அங்கிருந்தும் இங்கிருந்தும் கைகள் உயர்ந்தன. இரக்கப்பட்டுத் தூக்கிய கைகள் அல்ல. அங்கே அதுதான் வழக்கமாம். படகு தண்டனையில் இருந்தால் ஆளை மற்றப் படகுகள் நாளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொள்ளும், பிடிக்கிற மீனில் மற்றவர்களுக்குப் போல அவருக்கும் பங்கு. சட்டத்தை ஒரு முழம் கூட வளைக்கவில்லை. அந்த மனிதரையும் விடவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்கள். நான் படித்தவனல்ல, ஆனால் படித்தவர்கள் பலர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து முடிவெடுப்பதைக் கராஜ்களில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை படகைக் கரையேற்றினார்கள். ஊரே கயிற்றைப் பிடித்தது. நானும் பிடித்தேன். கயிற்றின் முன் முனையில் பாங் இருந்தார், தன் படகைத் தானே இழுத்துக்கொண்டு. முடிந்ததும் வேறொருவருடைய படகில் ஏறிக் கடலுக்குப் போய்விட்டார்.

அந்த ஏழு நாளும் நான் டக்குக்குத் தூங்க மட்டும்தான் போனேன். பாங்கை ஏற்றிக்கொண்ட படகுகளின் எஞ்சின்களை ஒவ்வொன்றாக, அவை கடலிலிருந்து வந்த பிறகு பார்த்தேன். ஒன்றுக்கு வால்வு, ஒன்றுக்கு இன்ஜெக்டர், ஒன்றுக்கு வெறும் அழுக்கு. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்தால் அவர்கள் கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள்.

அக்கா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அவருடைய கோபம் நியாயமானது. சொந்தப் படகின் மீனும் பங்கு மீனும் ஒன்றல்ல. காயவைக்கிற பரண் பாதிதான் நிறைந்தது. நான்காம் நாள் சோறு போடும்போது நானாவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இண்டைக்குப் புதன்கெழமயாம். ஓடம் எடுக்கிறதெண்டா எடுக்கட்டாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

தண்டனை சனியோடு முடிந்தது. இதற்கிடையில் எங்கள் சாமானும் வந்து, கியர்பொக்ஸ் பூட்டியாகிவிட்டது. கெப்டன் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நங்கூரம் தூக்க வேண்டும் என்று நின்றார். அவர் சிங்களவர், நல்ல மனிதர்.

"மல்லி, இன்னும் ஏன் கரையில? எஞ்சின் ரூமுக்குப் போ" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். மல்லி என்றால் தம்பி.

பாங்கின் படகை ஆற்றில் இறக்கும்வரை நின்றுவிட்டுத்தான் போனேன். சூரையின் பெரிய கூட்டம் அதற்குள் போய்விட்டிருந்தது. இரண்டு மூன்று நாளுக்கான மீன் மிச்சம் இருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இழந்தது இழந்ததுதான். பாங்கிடம் நானாவைக் கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் எஞ்சினை முடுக்கிற சக்கரத்தைக் காட்டி, நீ சுற்று என்று கையால் சொன்னார். சுற்றினேன். ஒரே சுற்றில் பிடித்தது.

டக் விரிகுடாவை விட்டு வெளியேறும்போது, கெப்டன் அனுமதியோடு பத்து நிமிடம் மேலே வந்து நின்றேன். மீன்பிடிப் படகுகள் தெற்கே தூரத்தில் கூட்டமாக நின்றன. பாங்கின் பச்சைப் படகு மட்டும் பின்தங்கி அவற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் எஞ்சின் இரைச்சலில் அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. புகையைப் பார்த்தேன். இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு மெல்லியதாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் படகு மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது. பிறகு எது பாங்கின் படகு, எது மற்றவருடையது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை, 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி.